ஊழி, யுகம், பாடு: பழவேற்காட்டுக் கரையில் நெடுங்காலச் சொற்கள்

ஊழி, யுகம், கற்பம் ஆகியவை மனித வாழ்நாளால் அளக்க முடியாத நீண்ட காலத்தைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்கள். இவற்றுள் ஊழி தமிழ்ச்சொல். யுகமும் கற்பமும் வடமொழியிலிருந்து வந்தவை. இன்று இவை மூன்றும் கோடிக்கணக்கான ஆண்டுகளை நினைவூட்டுகின்றன. ஆனால் மூன்றின் வேரும் சிறிய, அன்றாடச் செயல்களிலேயே உள்ளது. முறை, நுகத்தடி, ஒழுங்கு என்பவையே அவற்றின் முதற்பொருள்கள். திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் உள்ள பழவேற்காடு, இச்சொற்களின் வரலாற்றில் தனியிடம் கொண்டது. யுகக் கணக்கை ஐரோப்பாவுக்கு விரிவாக எடுத்துச்சென்ற தொடக்ககால நூல்களில் ஒன்று இவ்வூரில் திரட்டிய செய்திகளால் உருவானது. ஏரியின் மீனவர்களிடம் இன்றும் வழங்கும் 'பாடு' என்னும் முறை, ஊழி என்ற சொல்லின் பழைய பொருளுக்கு மிக அருகில் நிற்பது.

இடம்

பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல். இதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் உள்ளது. பொன்னேரி வழியாக வரும் ஆரணியாறு ஏரியின் தென்பகுதியில் கலக்கிறது. வடக்கே காளங்கி முதலிய ஆறுகள் வந்து சேர்கின்றன. ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டா தீவு நீண்டு கிடக்கிறது. கடல்நீர் முகத்துவாரத்தின் வழியே ஓதத்தின்போது உள்ளே வந்து வற்றத்தின்போது வெளியேறும். மழைக்காலத்தில் ஏரியில் நன்னீர் கூடும். கோடையில் உப்பு ஏறும். மீனும் இறாலும் இந்த ஏற்ற இறக்கத்தை ஒட்டியே வருகின்றன.

ஊழி

ஊழி என்ற சொல் ஊழ் என்ற வேரிலிருந்து பிறந்தது. ஊழ் என்பதற்கு முறை, முறைமை என்பது அடிப்படைப் பொருள். ஊழ்த்தல் என்ற வினை மலர்தல், முதிர்தல், பதனழிதல் ஆகிய பொருள்களைத் தரும். ஒரு மலர் விரிந்து, முற்றி, உதிர்வது ஒரு முறை. அந்த ஒழுங்குக்குப் பெயர் ஊழ். ஒருவருக்கு முறைப்படி வந்து சேர்வது என்ற கருத்திலிருந்து விதி என்ற பொருளும் இதற்கு வந்தது. திருக்குறளின் 38ஆம் அதிகாரம் இப்பொருளில் ஊழ் என்ற பெயரைப் பெற்றது.

ஊழி என்பது அந்த முறையின் ஒரு முழுச்சுற்று. உலகம் தோன்றி, நிலைத்து, ஒடுங்கும் காலம் என்பது இதன் பெரும்பொருள். ஒடுங்கும் நேரத்தில் எழும் அழிவையும் ஊழி என்றே வழங்கினர். ஊழிக்காற்று, ஊழித்தீ, ஊழிவெள்ளம் ஆகிய தொடர்கள் இவ்வாறு வந்தவை. வாழ்நாள் என்ற சிறிய பொருளும் இச்சொல்லுக்கு உண்டு. எனவே ஒரு மனிதரின் ஆயுளும் உலகத்தின் ஆயுளும் தமிழில் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன.

திருக்குறளின் சான்றாண்மை அதிகாரத்தில் ஊழி கடற்கரையோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. ஊழியே பெயர்ந்தாலும் தம் நிலையிலிருந்து பெயராத சான்றோரை, சான்றாண்மை என்னும் கடலுக்குக் கரையாக அக்குறள் காண்கிறது. இங்கே ஊழி என்பது ஆண்டுக் கணக்கு அல்ல. கரையையும் இடம்பெயர்க்கக்கூடிய பெருமாற்றம் அது.

நீர் தந்த எண்கள்

பரிபாடலின் இரண்டாம் பாடல் கீரந்தையார் திருமாலைப் பாடியது. வானம், காற்று, தீ, நீர், நிலம் ஆகியவை ஒன்றிலிருந்து ஒன்றாகத் தோன்றிய ஊழிகளை அது வரிசைப்படுத்துகிறது. அவ்வூழிகளின் நீளத்தைச் சொல்ல நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்னும் எண்ணுப்பெயர்கள் அதில் பயன்படுகின்றன. நிலத்தைப் பன்றி உருவில் திருமால் மீட்ட ஊழியும் குறிப்பிடப்படுகிறது.

தொல்காப்பிய எழுத்ததிகாரம், ஐ, அம், பல் என முடியும் எண்ணுப்பெயர்களுக்குப் புணர்ச்சி விதி கூறுகிறது. உரையாசிரியர்கள் இவற்றுக்குத் தாமரை, வெள்ளம், ஆம்பல் ஆகியவற்றை எடுத்துக்காட்டாகத் தருகின்றனர். இலக்கண விதி தேவைப்படும் அளவுக்கு இவை வழக்கில் இருந்த சொற்கள் என்பது இதனால் தெரிகிறது. இவற்றின் மதிப்பு எல்லாப் பட்டியல்களிலும் ஒன்றல்ல. பிற்காலக் கணக்கு நூல்கள் வெவ்வேறு அளவுகளைத் தருகின்றன.

இப்பெயர்கள் அனைத்தும் நீரைச் சார்ந்தவை. நான்கு பூக்கள், ஒரு சங்கு, ஒரு வெள்ளம். குளத்தை மூடிக் கிடக்கும் ஆம்பலையும் கரையில் ஒதுங்கும் சங்கையும் எண்ணி முடிப்பது அரிது. வடமொழியிலும் இதே போக்கு உண்டு. பத்மம், சங்கம், சமுத்திரம் ஆகியவை அங்கும் பேரெண்களின் பெயர்கள். யஜுர் வேதத்தின் எண் வரிசையிலேயே சமுத்திரம் இடம்பெறுகிறது. சமணர் மிக நீண்ட காலத்துக்குச் சாகரோபமம் என்று பெயரிட்டனர். கடலுக்கு ஒப்பானது என்பது அதன் பொருள்.

சிறிய கால அளவுகளின் பெயர்களிலும் நீர் இருக்கிறது. வருடம் என்பதன் மூலமான வர்ஷ என்ற வடசொல்லுக்கு மழை என்பதும் பொருள். ஆண்டைக் குறிக்கும் அப்தம் என்ற சொல்லின் நேர்ப்பொருள் நீர் தருவது. அது மேகத்தையும் குறிக்கும். கி.பி. 78இல் தொடங்கும் சக ஆண்டுக் கணக்கின் பெயரான சக அப்தமே சகாப்தம் ஆயிற்று. ஓர் ஆண்டுமுறையின் பெயராக இருந்த சகாப்தம், பின்னர் எந்தப் பெருங்காலத்துக்கும் பொதுப்பெயராக விரிந்தது.

யுகம்

யுகம் என்ற வடசொல் பூட்டுதல், இணைத்தல் என்ற பொருளுடைய யுஜ் என்ற வேரிலிருந்து வந்தது. நுகத்தடி என்பதே இதன் முதற்பொருள். இலத்தீனின் யூகும், ஆங்கிலத்தின் யோக் ஆகியவை இதன் இனச்சொற்கள். ஒரே நுகத்தில் பூட்டப்பட்டவை ஒன்றாக நடப்பதுபோல், ஒரே காலத்தில் வாழும் மனிதர்களும் ஒரு யுகம். ரிக்வேதத்தில் இச்சொல் தலைமுறை என்ற பொருளிலும் வருகிறது.

வேதாங்க ஜோதிடத்தில் யுகம் என்பது 5 ஆண்டுகள் மட்டுமே. சூரியனின் சுற்றும் சந்திரனின் சுற்றும் மீண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ள அந்நூல் கணக்கிட்ட காலம் அது. மனுஸ்மிருதி கிருதம், திரேதம், துவாபரம், கலி என்ற நான்கு யுகங்களுக்குச் சந்திக் காலங்களையும் சேர்த்து 4,800, 3,600, 2,400, 1,200 ஆண்டுகளைத் தருகிறது. மொத்தம் 12,000. இவை தேவ ஆண்டுகள் எனக் கொள்ளப்பட்டு, ஒரு தேவ ஆண்டுக்கு 360 மனித ஆண்டுகள் என்று பெருக்கப்பட்டபோது 43,20,000 ஆண்டுகள் கொண்ட மகாயுகம் கிடைத்தது. அதில் கிருதயுகம் 17,28,000, திரேதாயுகம் 12,96,000, துவாபரயுகம் 8,64,000, கலியுகம் 4,32,000 ஆண்டுகள்.

வானியலாளருக்கு இந்த எண் ஒரு கருவி. கோள்கள் எத்தனை முழுச்சுற்று சுற்றின என்பதைப் பின்னமின்றிச் சொல்ல ஒரு பெரிய பொதுக்காலம் தேவைப்பட்டது. ஆரியபட்டர் 43,20,000 ஆண்டுகளை எடுத்துக்கொண்டார். ஆனால் அதை நான்கு சமபாகங்களாக, ஒவ்வொன்றும் 10,80,000 ஆண்டுகளாகப் பிரித்தார். தமக்கு 23 வயதானபோது கலியில் 3,600 ஆண்டுகள் முடிந்திருந்தன என்று அவர் குறித்துள்ளார். அந்த ஆண்டு கி.பி. 499.

கலியின் தொடக்கம் கி.மு. 3102 பிப்ரவரி என்பது இக்கணக்கின் அடிப்படை. கல்வெட்டுகளிலும் இது வழங்கியது. மதுரை ஆனைமலை நரசிங்கப் பெருமாள் குடைவரையில் உள்ள பாண்டியர் கல்வெட்டு கலி 3871ஐக் குறிக்கிறது. அது கி.பி. 770. பஞ்சாங்கக் கணிதர்கள் கலி தொடங்கிய நாளிலிருந்து கழிந்த நாள்களின் எண்ணிக்கையைக் கொண்டு கிரகணங்களைக் கணித்தனர். 1825இல் சென்னையில் வெளிவந்த காலசங்கலித நூலின் ஆசிரியர் ஜான் வாரன், தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டு சந்திர கிரகணத்தைக் கணித்ததைப் பதிவுசெய்தார். லட்சக்கணக்கான நாள்கள் கைப்பிடிச் சோழிகளில் அடங்கின.

கற்பம்

கல்பம் என்ற வடசொல் ஒழுங்குபடுத்துதல், அமைத்தல் என்ற பொருளுடைய வேரிலிருந்து வந்தது. வேதச் சடங்குகளின் ஒழுங்கைக் கூறும் நூல்களும் கல்பம் எனப்பட்டன. காலத்துக்கு வரும்போது இது உலகம் ஒருமுறை அமைக்கப்பட்டு நீடிக்கும் காலம். தமிழில் கற்பம் என்று ஆயிற்று. புராணக் கணக்கில் 1,000 மகாயுகங்கள், அதாவது 432 கோடி ஆண்டுகள் ஒரு கற்பம். அது பிரம்மாவின் ஒரு பகல். அதே அளவு இரவும் உண்டு. ஒரு கற்பத்தில் 14 மன்வந்தரங்கள். ஒவ்வொன்றும் 71 மகாயுகங்கள் கொண்டது.

எழுத்துச் சான்றில் கற்பம் மிகப் பழையது. அசோகரின் நான்காம், ஐந்தாம் பெரும்பாறைக் கல்வெட்டுகளில் பிராகிருத வடிவில் இச்சொல் உள்ளது. தம் மகன்களும் பேரன்களும் அவர்களுக்குப் பின் வருவோரும் கற்பம் முடியும்வரை அறத்தை வளர்க்க வேண்டும் என்பது அங்கே கருத்து. கற்பத்தின் நீளத்தை அசோகர் எண்ணால் சொல்லவில்லை. தலைமுறைகளை அடுக்கிச் சொன்னார்.

பௌத்த நூல்களும் எண் தராமல் உவமை தந்தன. ஒரு யோசனை நீள, அகல, உயரமுள்ள பாறையை நூறாண்டுக்கு ஒருமுறை மெல்லிய காசித்துணியால் ஒருவர் துடைத்தால், அப்பாறை தேய்ந்து தீர்ந்தாலும் கற்பம் தீராது என்பது அவ்வுவமை.

கோயில் அர்ச்சனைகளிலும் வீட்டுச் சடங்குகளிலும் சொல்லப்படும் சங்கல்பத்தில் இக்கணக்கு முழுவதும் இன்றும் ஒலிக்கிறது. இப்போது நடப்பது சுவேதவராக கற்பம், அதில் ஏழாவதான வைவஸ்வத மன்வந்தரம், அதில் 28ஆம் கலியுகத்தின் முதல் பாதம் என்று அது தொடங்கி அன்றைய நாளில் வந்து முடிகிறது. முகவரி எழுதுவதுபோல் பெரிய வட்டத்திலிருந்து சிறிய வட்டத்துக்கு இறங்கி, வேண்டிக்கொள்பவரின் பெயரை அடைகிறது.

பழவேற்காட்டிலிருந்து சென்ற யுகக் கணக்கு

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பழவேற்காட்டில் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி முடித்தது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரரின் முதன்மை இடம் இதுவே. இக்கோட்டையில் 1632 முதல் 1642 வரை சமயகுருவாகப் பணியாற்றியவர் ஆபிரகாம் ரொகேரியுஸ். டச்சுக்காரரின் பாதுகாப்பில் அங்கு வாழ்ந்த பத்மநாபன் என்ற பிராமணரிடம் அவர் இந்து சமய நம்பிக்கைகளையும் வழக்கங்களையும் கேட்டு எழுதினார். இருவரும் பேசிக்கொண்டது போர்ச்சுகீசிய மொழியில்.

ரொகேரியுஸ் நாடு திரும்பி 1649இல் மறைந்தார். அவர் எழுதியது 1651இல் லைடன் நகரில் நூலாக வெளிவந்தது. மறைந்திருந்த புறச்சமயத்துக்குத் திறந்த கதவு என்பது அதன் டச்சுத் தலைப்பின் பொருள். 1663இல் ஜெர்மன் மொழியிலும் 1670இல் பிரெஞ்சு மொழியிலும் அது பெயர்க்கப்பட்டது. பத்மநாபன் எடுத்துச் சொன்ன பர்த்ருஹரியின் பாடல்களும் அதில் இடம்பெற்றன. சமஸ்கிருத இலக்கியம் ஐரோப்பிய மொழியில் அச்சேறியது அதுவே முதல்முறை. யுகங்களின் கணக்கும் அந்நூல் வழியே ஐரோப்பாவுக்குச் சென்றது.

அது சென்ற நேரம் குறிப்பிடத்தக்கது. அதற்கு முந்தைய ஆண்டான 1650இல் அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர், பைபிளின் வம்சாவளிகளைக் கூட்டி, உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டது என்று வெளியிட்டிருந்தார். அக்கணக்கின்படி கலியுகம் தொடங்கியபோது உலகத்துக்கு வயது 902 மட்டுமே. திரேதாயுகத்துக்கும் கிருதயுகத்துக்கும் அதில் இடமே இல்லை. ஆறாயிரம் ஆண்டு உலகமும் லட்சக்கணக்கான ஆண்டு உலகமும் அடுத்தடுத்த ஆண்டுகளில் ஐரோப்பிய அச்சகங்களிலிருந்து வந்தன.

பின்னர் வந்தவர்களும் யுகக் கணக்கை ஆராய்ந்தனர். வெள்ளி இடைநகர்வைக் காண வந்து 1769இல் புதுச்சேரியில் மேகத்தால் அதைத் தவறவிட்ட பிரெஞ்சு வானியலாளர் லெ ழாந்தி, அங்கே தமிழரின் வானியல் கணக்கைக் கற்றார். ஸ்காட்லாந்து வரலாற்றாசிரியர் வில்லியம் ராபர்ட்சன் 1791இல் வெளியிட்ட இந்தியா பற்றிய நூலில், ரொகேரியுஸ், பெர்னியே, டோ, லெ ழாந்தி ஆகியோர் தந்த யுக அளவுகளை அருகருகே வைத்தார். அவை தமக்குள் பொருந்தவில்லை. யாரிடம் கேட்டார்கள், எந்த மொழி வழியே கேட்டார்கள் என்பதற்கேற்ப எண்கள் மாறியிருந்தன.

ஆயுளும் கல்லறையும்

பழவேற்காட்டில் 17ஆம் நூற்றாண்டு முதலான டச்சுக் கல்லறைகள் உள்ளன. இறந்தவரின் பெயரும் காலமும் அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன. டச்சு மொழியில் நூற்றாண்டைக் குறிக்கும் சொல் ஏவ். அதுவும் இலத்தீனில் காலத்தைக் குறிக்கும் ஐவும், கிரேக்கத்தின் அயோன் ஆகியவையும் வடமொழியின் ஆயுஸ் என்ற சொல்லோடு ஒரே வேரைச் சேர்ந்தவை. ஆயுஸ் தமிழில் ஆயுள் ஆயிற்று. ஒரு மொழியில் நூறாண்டாகவும், ஒரு மொழியில் முடிவிலாக் காலமாகவும் வளர்ந்த அந்த வேரின் தொடக்கம் உயிர்வலிமை, வாழ்நாள் என்பதே. இலத்தீனில் நூற்றாண்டைக் குறிக்கும் சேகுலும் என்ற சொல்லும் முதலில் தலைமுறையையே குறித்தது.

மண்ணின் காலம்

இதே மாவட்டத்தில் கொசத்தலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம் உள்ளது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் அங்கே கற்கருவிகளைக் கண்டெடுத்தார். பிற்கால அகழாய்வில் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் உள்ளிட்ட குழுவினர் அக்கருவிகளுள் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று காட்டினர். இம்முடிவு 2011இல் சயின்ஸ் இதழில் வெளியானது.

அத்திரம்பாக்கத்தோடு ஒப்பிட்டால் பழவேற்காடு ஏரி இளையது. கடைசிப் பனியுகத்துக்குப் பின் கடல்மட்டம் உயர்ந்து, மணல்திட்டுகள் உருவாகி, அவற்றின் பின்னே நீர் தேங்கியதால் பிறந்தது. அதன் வயது சில ஆயிரம் ஆண்டுகளே. கற்கருவி செய்தவர்கள் நடமாடிய காலத்தில் இந்த ஏரி இல்லை. பனியுகம், கற்காலம் போன்ற சொற்களில் யுகமும் காலமும் அறிவியல் பொருள் பெற்றுள்ளன. புராண யுகத்துக்கும் இவற்றுக்கும் பெயர் மட்டுமே பொது. புராண யுகம் கணக்கிலிருந்து பிறந்தது. புவியியல் காலம் மண்ணடுக்கிலிருந்து படிக்கப்பட்டது.

ஏரியின் கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ஏவுகணை 1971 அக்டோபரில் செலுத்தப்பட்டது. அங்கிருந்து 2015 செப்டம்பர் 28 அன்று ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட் தொலைநோக்கி, 930 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள ஒரு விண்மீன் மண்டலத்தின் புறஊதா ஒளியைப் பதிவுசெய்தது 2020இல் அறிவிக்கப்பட்டது. பிரம்மாவின் ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்தது 864 கோடி ஆண்டுகள். சொற்களில் மட்டும் இருந்த அளவை மிஞ்சிய காலம், ஏரிக்கரை மக்கள் அண்ணாந்து பார்த்த ஒரு கலத்தின் கருவியில் ஒளியாகப் பதிந்தது.

பாடு

பழவேற்காடு ஏரியில் எல்லா இடத்திலும் இறால் ஒரே அளவில் கிடைப்பதில்லை. முகத்துவாரத்தை ஒட்டிய ஓடைகளில் நீரோட்டத்தோடு இறால் வரும் இடங்கள் சிலவே. கழிகளை நட்டு வலை கட்டும் மீனவர்கள் அனைவரும் அவ்விடங்களில் ஒரே நேரத்தில் தொழில் செய்ய முடியாது. இதற்குப் பட்டினவர் குப்பங்கள் கண்ட ஏற்பாடு பாடு. பாட்டில் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டவர்களுக்குச் சீட்டுக் குலுக்கல் மூலம் இடமும் வரிசையும் ஒதுக்கப்படும். நல்ல இடம் இன்று ஒருவருக்கு வந்தால் நாளை இன்னொருவருக்கு. கிராமங்களுக்கிடையிலும் முறை வைத்துப் பகிர்வர்.

பாடு என்ற தமிழ்ச்சொல்லுக்கு இடம், உழைப்பு, வருத்தம் என்று பல பொருள்கள் உண்டு. கிடைத்த மீனை மீன்பாடு என்பது கடற்கரை வழக்கு. கொச்சிக் காயலிலும் இதே பெயரில் இம்முறை உண்டு. இலங்கையின் நீர்கொழும்புக் களப்பில் கழிவலை மீனவர்களும் சங்கங்களாகப் பிரிந்து குலுக்கலில் இடத்தைப் பகிர்கின்றனர்.

ஊழ் என்பதன் இரு பொருள்களும் பாட்டில் ஒன்றுசேர்கின்றன. அது முறை. சீட்டில் விழுவதால் அது ஒருவருக்கு வாய்த்ததும் ஆகும். தலைமுறை என்ற சொல்லின் உள்ளும் முறையே இருக்கிறது. தந்தை விலகும்போது மகன் வரிசைக்கு வருகிறார். ஆள் மாறினாலும் வரிசை நிற்பதில்லை.

சோழர் கல்வெட்டுகளில் இதே சிந்தனை வேறு வடிவில் உள்ளது. கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிக்க 90 அல்லது 96 ஆடுகளை ஒப்படைத்து, அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்று எழுதினர். ஓர் ஆடு இறந்தால் அதன் குட்டி அந்த இடத்துக்கு வரும். எண்ணிக்கை குறையாததால் மந்தைக்குச் சாவும் மூப்பும் இல்லை. அறக்கொடையின் காலத்தைச் சந்திராதித்தவல், அதாவது சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று குறித்தனர். அந்த நெடுங்காலத்தைத் தாங்கியது இடையர் மேய்த்த ஒரு மந்தை.

சட்டம் அறிந்த நெடுங்காலம்

ஏரியில் தங்களுக்குள்ள உரிமையைக் காலங்காலமாக, பரம்பரையாக என்ற சொற்களால் மீனவர்கள் கூறுவது வழக்கம். பரம்பரை என்பது ஒன்றன்பின் ஒன்றாக வருவது என்று பொருள்படும் வடசொல். சட்டத்துக்கு இதைவிடத் திட்டமான அளவு தேவைப்பட்டது. இங்கிலாந்துச் சட்டம் நினைவுக்கெட்டாத காலத்தின் எல்லையை 1189 என்று வைத்தது. அது முதலாம் ரிச்சர்டு அரசர் பட்டமேறிய ஆண்டு. 1275ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டத்தால் இந்த எல்லை வந்தது. இந்தியாவின் 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம், தனியார் நிலத்தில் வழி, நீர் போன்ற உரிமைகள் இடையீடின்றி 20 ஆண்டுகள் அனுபவித்தால் நிலைபெறும் என்றது. வழக்காற்று உரிமைகளை அது தனியே ஏற்றது. ஒரு வழக்காறு செல்லுபடியாக, அது பழமையானதா, தொடர்ச்சியானதா, தெளிவானதா, நியாயமானதா என்று நீதிமன்றங்கள் பார்க்கின்றன.

நியாயமானதா என்ற கேள்வி பாட்டுக்கும் உண்டு. பாட்டு வரிசை குறிப்பிட்ட குப்பங்களின் குறிப்பிட்ட சமூகத்தாருக்கு உரியதாக இருந்துவந்தது. கையால் இறால் பிடிக்கும் இருளர்களும், பின்னர் ஏரித்தொழிலுக்கு வந்த பிற சமூகத்தினரும் அவ்வரிசைக்கு வெளியே நின்றனர். அவர்களும் அதே நீரை நம்பி வாழ்பவர்கள். இதனால் ஏரியில் பூசல்கள் எழுந்தன. நெடுங்காலம் என்ற சொல் உள்ளே இருப்பவருக்குக் காப்பு. வெளியே இருப்பவருக்கு அது ஒரு வேலி.

முகத்துவாரம் மணலால் தூர்ந்து போவது இன்னொரு இடர். வாய் அடைபட்டால் ஓதம் உள்ளே வராது. ஓதம் வராவிட்டால் இறால் குஞ்சுகள் வராது. அப்போது நல்ல இடம், கெட்ட இடம் என்ற வேறுபாடே இல்லாமல் போகும். குலுக்குவதற்கு எதுவும் இராது. தெற்கே எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் கரையின் அமைப்பை மாற்றிவருவது மீனவர்களின் கவலையாக உள்ளது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இக்கரையில் கடலின் பெருமாற்றம் நூல்களில் மட்டும் உள்ள செய்தி அல்ல.

மதிப்பீடு

நெடுங்காலத்துக்கான சொற்கள் இருவகையாகப் பிறந்துள்ளன. வெள்ளம், ஆம்பல், சங்கம், சாகரோபமம் ஆகியவை எண்ணி முடியாத நீர்ப்பரப்பிலிருந்து வந்தவை. ஊழி, யுகம், கற்பம், தலைமுறை ஆகியவை முறையிலிருந்தும் ஒழுங்கிலிருந்தும் வந்தவை. முதல்வகை காலத்தின் அளவைக் காட்டுகிறது. இரண்டாம்வகை காலம் எதனால் நீள்கிறது என்பதைக் காட்டுகிறது. 43,20,000, 432 கோடி போன்ற எண்கள் பிற்காலத்தில் கணிதத் தேவைக்காகச் சேர்ந்தவை. அவற்றைக் கழித்துப் பார்த்தால் ஊழி என்பது ஒருவர் முடித்த இடத்தில் அடுத்தவர் தொடங்குவது.

பழவேற்காட்டில் இரண்டும் ஒரே இடத்தில் உள்ளன. வெள்ளம் என்ற பேரெண் அங்கே முகத்துவாரத்தில் ஏறி இறங்கும் நீர். ஊழ் என்ற பழஞ்சொல் அங்கே சீட்டில் வரும் முறை. நீர் உள்ளே வருவதற்கும், முறை நியாயமாக நடப்பதற்கும் வழி இருக்கும்வரையே அக்கரையில் நெடுங்காலம் என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு.